முதல் ஸ்பானிய உணவு எது: தோர்த்தியாவா, சல்மோரேஹோவா, பயேயாவா?

ஸ்பானியச் சமையல் கற்க ஆசைப்படுகிறவர்களில் பலர் நேராகப் பயேயாவில்தான் கை வைக்கிறார்கள். அகலமான இரும்புத் தட்டில் குங்குமப்பூ நிறச் சோறு பரந்து கிடக்கும் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் முதல் உணவாக அதை எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது: பயேயா கெட்டால் ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. சோறு குழைந்துவிட்டதா? தண்ணீர் கூடியிருக்கலாம், தீ குறைந்திருக்கலாம், அரிசி வகை பொருந்தாமல் இருக்கலாம், இடையில் கிளறியிருக்கலாம், தட்டு சிறியதாகிச் சோறு தடிப்பாகக் குவிந்திருக்கலாம். ஐந்தில் எது என்று தெரியாமல் அடுத்த முறை எதைத் திருத்துவது?

அதனால் முதல் உணவைத் தேர்ந்தெடுக்கும்போது சுவையை மட்டும் பார்க்காதீர்கள். பிழை வந்தால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறதா, அடிக்கடி செய்து பார்க்கச் செலவு கட்டுப்படியாகுமா, வீட்டு அடுப்பிலேயே முழுதாக முடியுமா என்று பாருங்கள். இந்த மூன்று கேள்விகளையும் நான்கு உணவுகளிடம் கேட்கலாம்: தோர்த்தியா தெ பதாத்தாஸ் என்ற உருளைக்கிழங்கு முட்டை அடை, கோர்தொபா நகரத்தின் சல்மோரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் குழம்பு, வலென்சியாவின் பயேயா, அதே வலென்சியாவில் ஓவனில் வேகும் சோறு.

தோர்த்தியா

மெக்சிகோவின் சோள ரொட்டிக்கும் இதே பெயர்தான். ஆனால் இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவு இல்லை. ஸ்பெயினில் தோர்த்தியா என்றால் முட்டை அடை. வட ஸ்பெயினிலுள்ள நவார்ரா நாட்டின் மன்றத்துக்கு 1817இல் அனுப்பப்பட்ட ஒரு விண்ணப்பம், குடியானவர்களின் ஏழ்மையை விவரிக்கும்போது இதைச் சொல்கிறது: இரண்டு மூன்று முட்டைதான் இருக்கும், சாப்பிட ஐந்தாறு பேர், பெண்கள் உருளைக்கிழங்கையோ ரொட்டித் துண்டையோ சேர்த்து அதைப் பெரிதாகவும் தடிப்பாகவும் ஆக்கிவிடுவார்கள். இன்றைய செய்முறையிலும் கிழங்குதான் உடம்பு. முட்டை அதைப் பிணைக்க வருகிறது.

நான்கு பேருக்குத் தோல் சீவிய உருளைக்கிழங்கு 600 கிராம், முட்டை 6, நடுத்தர வெங்காயம் 1, பொரிக்க ஆலிவ் எண்ணெய் 300 முதல் 350 மில்லி, உப்பு. 22 முதல் 24 செ.மீ. விட்டமுள்ள, கீறல் விழாத நான்ஸ்டிக் வாணலி வேண்டும். 28 செ.மீ. வாணலியில் இதே அளவை ஊற்றினால் அடை தட்டையாகி உள்ளே ஈரமே நிற்காது.

கிழங்கை 3 முதல் 4 மி.மீ. தடிப்பில் வில்லைகளாக நறுக்குங்கள். தடிப்பு சீராக இல்லாவிட்டால் சில துண்டுகள் கரைந்திருக்கும், சில கடித்தால் நறுக்கென்று இருக்கும். நறுக்கிய பின் கழுவினால் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். ஈரக் கிழங்கு எண்ணெயைத் தெறிக்கவைக்கும், சூட்டையும் இறக்கும். உப்பில் பாதியைக் கிழங்கில் இப்போதே பிசிறிவிடவேண்டும். முட்டையில் மட்டும் உப்புப் போட்டால் கிழங்கு சப்பென்று இருக்கும்.

அடுத்ததுதான் இந்த உணவின் உயிர். எண்ணெயை மிதமாகச் சூடாக்கிக் கிழங்கையும் வெங்காயத்தையும் போடுங்கள். சிறு குமிழிகள் மெதுவாக எழவேண்டும், சடசடவென்று பொரியக்கூடாது. இது வறுவல் இல்லை, எண்ணெயில் வேகவைப்பது. 20 முதல் 25 நிமிடம் ஆகும். கரண்டியால் அழுத்தினால் கிழங்கு தானாக உடையவேண்டும், ஓரம் மொறுமொறுப்பாகக்கூடாது. மொறுமொறுப்பான கிழங்கு முட்டையை உறிஞ்சாது. அப்போது அடையைத் துண்டு போட்டால் கிழங்கு தனியாக, முட்டை தனியாகப் பிரிந்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தீயைக் கூட்டிப் பத்து நிமிடத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஸ்பெயினே இரண்டு கட்சியாக நிற்கிறது, இரண்டு தரப்புக்கும் தனித்தனிப் பெயரே உண்டு. கலீசியாவின் பெத்தான்ஸோஸ் ஊர்த் தோர்த்தியாவில் வெங்காயம் கிடையாது, நடுவில் முட்டை ஓடவேண்டும். கற்றுக்கொள்கிறவர் வெங்காயம் போடுவதே நல்லது. முட்டை சற்று அதிகமாக வெந்துவிட்டாலும் வெங்காயத்தின் ஈரம் அடையை வறண்டுபோகாமல் காக்கும்.

கிழங்கைச் சல்லடையில் கொட்டி ஐந்து நிமிடம் எண்ணெய் வடியவிடுங்கள். வடிந்த எண்ணெயை வடிகட்டி மூடி வைத்தால் இன்னும் இரண்டு முறை இதற்கே பயன்படும், செலவுக் கணக்கில் இது பெரிய விஷயம். முட்டையை நுரைக்காமல் லேசாக அடித்து மீதி உப்பைச் சேர்த்து, வெதுவெதுப்பான கிழங்கை அதில் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். கிழங்கு முட்டையைக் குடித்து இரண்டும் ஒரே கூழாகும். இந்த ஊறலைத் தவிர்த்தால் திருப்பும்போது அடை உடையும்.

வாணலியை நன்றாகச் சூடாக்கி ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கலவையை ஊற்றுங்கள். முதல் அரை நிமிடம் தீ கூடுதலாக இருக்கட்டும். வாணலியை ஆட்டினால் அடை நழுவவேண்டும். நழுவியதும் தீயைத் தணித்து இரண்டு மூன்று நிமிடம். ஓரங்களை உள்பக்கமாக மடக்கிவிட்டால்தான் வட்டமான விளிம்பு கிடைக்கும்.

திருப்புவதற்கு வாணலியைவிட அகலமான தட்டையான தட்டை மேலே கவிழ்த்து, உள்ளங்கையால் தட்டை அழுத்திக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலாக ஒரே வீச்சில் கவிழ்க்கவேண்டும். பாதியில் தயங்கினால் முட்டை வழியும். வாணலியில் எண்ணெய் மிஞ்சியிருந்தால் மணிக்கட்டில் ஓடிச் சுடும், ஆகவே முன்பே சாய்த்து ஊற்றிவிடுங்கள். பிறகு தட்டிலிருந்து அடையைச் சறுக்கி வாணலியில் விட்டு இன்னும் ஒன்றிரண்டு நிமிடம்.

நடு எவ்வளவு வேகவேண்டும்? சுவைக்குக் குழைவு நல்லது, ஆனால் பாதுகாப்பும் இருக்கிறது. ஸ்பெயினில் சால்மொனெல்லா கிருமிக்கு அஞ்சி, 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்காத உணவுகளில் உணவகங்கள் பச்சை முட்டை சேர்க்கக்கூடாது என்று 1991இல் அரசாணை வந்தது. 2022 ஆணை இதைத் தளர்த்தி, உடனே பரிமாறும் உணவுக்கு 63 டிகிரியில் 20 நொடி போதும் என்றது. வீட்டில் சமையல் வெப்பமானி இருந்தால், உடனே சாப்பிடும் அடைக்கு அந்த எண்ணை நம்பலாம். குழந்தை, முதியவர், கர்ப்பிணி சாப்பிடுவதாக இருந்தால் நடுவும் முழுதாக உறையட்டும்.

இந்த உணவை முதலிடத்தில் வைக்கக் காரணம் இதுதான்: ஒவ்வொரு பிழையும் தன் காரணத்தைக் காட்டிவிடும். ஒட்டிக்கொண்டதா, வாணலி சூடாகவில்லை. உடைந்ததா, கிழங்கு வேகவில்லை அல்லது ஊறவில்லை. வறண்டதா, கடைசிக் கட்டத்தில் அதிக நேரம் வைத்துவிட்டீர்கள். மூன்று முறை செய்தால் மூன்றும் திருந்திவிடும்.

சல்மோரேஹோ

அடுப்பே வேண்டாம் என்பவர்களுக்கு இது. தோல்வி அடைவது கடினம். கோர்தொபாவில் வழங்கும் அடிப்படை அளவை மனப்பாடம் செய்வது எளிது: பழுத்த தக்காளி 1 கிலோ, ரொட்டி 200 கிராம், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் 100 கிராம், பூண்டு 5 கிராம், உப்பு 10 கிராம். தக்காளியை அரைத்துத் தோலும் விதையும் போக வடிகட்டி, ரொட்டியை அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, பூண்டும் உப்பும் சேர்த்து மூன்று நான்கு நிமிடம் மிக்ஸியில் ஓட்டவேண்டும். கடைசியில் எண்ணெயை நூல்போல விட்டுக்கொண்டே அரைத்தால் சிவப்பு மாறி ஆரஞ்சு நிறத்துக்கு வரும். அது கெட்டுப்போனதல்ல, எண்ணெயும் தக்காளிச் சாறும் பால்மமாகக் கலந்ததன் அடையாளம். இரண்டு மணி நேரம் குளிரவைத்து, அவித்த முட்டையையும் ஹமோன் எனப்படும் உலர்ந்த உப்புப் பன்றிக்கறியையும் பொடியாக நறுக்கித் தூவுவார்கள். கறி வேண்டாதவர் முட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதில் தவறுவது பொருள் வாங்கும்போதுதான். இனிப்புச் சேர்த்த மெத்தென்ற சாண்ட்விச் ரொட்டி பசைபோல இழுக்கும், உள்பகுதி அடர்த்தியான முந்தைய நாள் வெள்ளை ரொட்டி தேவை. பூண்டு ஒரு பல்லுக்கு மேல் போனால், அரைத்தபோது தெரியாத காரம் மறுநாள் தக்காளியை அமுக்கிவிடும். நடுவிலுள்ள பச்சை முளையை எடுத்துவிடுங்கள். பிக்குவால் வகை ஆலிவ் எண்ணெய்க்கு இயல்பாகவே கசப்பும் காரமும் அதிகம், அதை அதிவேக மிக்ஸியில் நெடுநேரம் அடித்தால் குழம்பு முழுதும் கசக்கலாம். அர்பெக்கீனா வகை மென்மையானது. தக்காளி புளித்தால் சர்க்கரை போடாமல் வேறு தக்காளி வாங்குங்கள்.

இதே முறையில் ரொட்டியைக் குறைத்து வெள்ளரி, பச்சைக் குடைமிளகாய், தண்ணீர், ஷெர்ரி வினிகர் சேர்த்தால் கஸ்பாச்சோ. தக்காளிக்குப் பதில் தோல் நீக்கிய பாதாம் போட்டால் மாலகாவின் அஹோபிளாங்கோ, அமெரிக்காவிலிருந்து தக்காளி வந்துசேர்வதற்கு முந்தைய ஆந்தலூசியச் சுவையை இதில் காணலாம்.

ஆனால் சல்மோரேஹோவில் தீயைக் கற்க முடியாது. ஒரே நாளில் வெற்றி வரும், அடுத்த உணவுக்கு அந்த வெற்றி உதவாது. கோடைக்கு அருமையான உணவு, பள்ளிக்கூடமாக அரைகுறை.

பயேயா

வலென்சிய மொழியில் பயேயா என்ற சொல்லுக்கே வாணலி என்றுதான் பொருள், லத்தீனின் பத்தெல்லாவிலிருந்து வந்தது. உணவின் பெயரே பாத்திரத்தின் பெயராக இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. இந்த உணவைத் தீர்மானிப்பது தட்டும் அதன் அடியிலுள்ள தீயும்தான்.

வலென்சியா அரிசிக்கான தோற்றப் பெயர்க் குழு வகுத்த பட்டியலில் பத்துப் பொருள்கள்: கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், கர்ரொஃபோ என்ற பெரிய வெள்ளை அவரை, தக்காளி, அரிசி, ஆலிவ் எண்ணெய், தண்ணீர், குங்குமப்பூ, உப்பு. ஊருக்கு ஊர் நத்தை, வாத்து, ஆர்ட்டிசோக், ரோஸ்மேரி, பிமெந்தோன் என்ற மிளகாய்த்தூள் சேரும். இறாலும் சிப்பியும் போட்டது கடலோரத்தின் வேறொரு பயேயா. சொரீசோ தொத்திறைச்சி மட்டும் வலென்சியர்களுக்கு ஆகவே ஆகாது, அதன் மிளகாய்ச் சாயமும் புகை வாசமும் குங்குமப்பூவை மூடிவிடும். தமிழ்நாட்டுச் சந்தையில் டபுள் பீன்ஸ் என்று விற்பதும் கர்ரொஃபோவும் ஒரே தாவர இனம், ஆகவே அந்த ஒரு பொருளுக்கு மாற்றுத் தேடி அலையவேண்டாம்.

நான்கு பேருக்கு அரிசி 400 கிராம். வீட்டில் அவ்வளவையும் ஒரு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்ப 38 முதல் 40 செ.மீ. தட்டு வேண்டும். இங்கேதான் சிக்கல் முளைக்கிறது. சாதாரண கேஸ் அடுப்பின் சுடர் வளையம் அதன் நடுப்பகுதியை மட்டுமே சுடும். நடுவில் சோறு கருகும்போது ஓரத்தில் அரிசி பச்சையாக இருக்கும். வலென்சியாவில் இதற்கென இரண்டு மூன்று வளையமுள்ள அகன்ற கேஸ் பர்னரை முக்காலியோடு வைத்திருக்கிறார்கள், அல்லது வெளியே ஆரஞ்சு மர விறகில் சமைக்கிறார்கள். இரண்டும் இல்லாதவர், 28 அல்லது 30 செ.மீ. தட்டில் இரண்டு பேருக்கு 200 கிராம் அரிசி வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை நகர்த்திச் சுற்றிக்கொடுப்பதே வழி.

கறியை 20 நிமிடத்துக்குக் குறையாமல் பொன்னிறமாக வறுப்பது, பீன்ஸ் போடுவது, துருவிய தக்காளியை நீர் வற்றி நிறம் கறுக்கும்வரை வதக்குவது, இதுவரை பொறுமை போதும். பிமெந்தோன் மிளகாய்த்தூள் போட்ட நொடியிலிருந்து ஓட்டம். எண்ணெயில் பத்து நொடி தாண்டினால் கசந்துவிடும், அதனால் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு தூவவேண்டும். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதித்தால் அந்தத் தட்டிலேயே கறிச்சாறு உருவாகும். குங்குமப்பூவை லேசாகச் சூடுகாட்டிப் பொடித்து, உப்புச் சரிபார்த்து (சாறு சற்றே கரிக்கவேண்டும், அரிசி அதை இழுத்துக்கொள்ளும்) அரிசியைத் தூவுங்கள்.

தூவிய பின் ஒருமுறை சமப்படுத்தலாம், அதோடு கரண்டியைக் கீழே வைத்துவிடவேண்டும். கிளறினால் மாவுச்சத்து கரைந்து கஞ்சித்தன்மை வந்துவிடும். முதல் எட்டுப் பத்து நிமிடம் பலத்த தீ, அடுத்த எட்டுப் பத்து நிமிடம் சிறு தீ, பிறகு ஐந்து நிமிட ஓய்வு. அடியில் சொக்கர்ராத் எனும் பொன்னிறக் காந்தல் பிடிக்கக் கடைசி ஒரு நிமிடம் தீயைக் கூட்டுவார்கள். சடசடப்புச் சத்தமும் வறுத்த வாசனையும்தான் வழிகாட்டி. புகை வாசம் வந்தால் தாண்டிவிட்டது.

அரிசியில் தேர்வு உண்டு. போம்பா வகையில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம். ஓரிரு நிமிடம் தவறினாலும் வெடிக்காது, அரிசியின் மூன்று மடங்கு சாறு குடிக்கும். அல்புஃபெரா ஏரியைச் சுற்றிய வயல்களில் விளையும் சேனியா சுவையை நன்றாக இழுக்கும், விலையும் குறைவு, ஆனால் ஒரு நிமிடம் கூடினால் குழைந்துவிடும். புதியவருக்குப் போம்பாதான் சரி, கூடுதல் பணம் வீணாகாது. பாஸ்மதி இதற்குப் பொருந்தாது: உதிரி உதிரியாக நிற்கும், சாறு உள்ளே ஏறாது.

ஓவனில் வேகும் சோறு

பலருக்குத் தெரியாத வழி இது. சோறுதான் வேண்டும், அகன்ற பர்னர் இல்லை என்றால் வலென்சியர்களின் அர்ரோஸ் அல் ஃபோர்ன் செய்யுங்கள். முந்தைய நாள் புச்சேரோ என்ற கறிக் குழம்பில் மிஞ்சிய சாற்றையும் கொண்டைக்கடலையையும் வைத்துப் பிறந்த உணவு. வீட்டில் ஓவன் இல்லாத காலத்தில் மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ரொட்டிக்கடை அடுப்புக்குப் போவார்கள், அதனால் இதற்கு "உலாப்போன சோறு" என்றும் பெயர் உண்டு.

அகலமான மண்சட்டியில் பன்றி விலா எலும்புக் கறி 300 கிராமை வறுத்து, பிமெந்தோனும் 350 கிராம் அரிசியும் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டுங்கள். வேகவைத்த கொண்டைக்கடலை 200 கிராம், ஒரு செ.மீ. தடிப்பு உருளைக்கிழங்கு வில்லைகள் (எண்ணெயில் முன்பே பாதி வதக்கியது), பாதியாக வெட்டிய தக்காளி, மொர்சியா என்ற இரத்தத் தொத்திறைச்சி, நடுவில் உரிக்காத முழுப் பூண்டு. சாதாரண வலென்சியா அரிசிக்கு இரண்டு மடங்கு சாறு, போம்பாவுக்கு இரண்டரை. சாறு கொதித்துக்கொண்டிருக்கவேண்டும், ஓவன் 200 டிகிரியை எட்டியிருக்கவேண்டும். இரண்டில் எது ஆறியிருந்தாலும் அரிசி வேகத் தொடங்கும் முன்பே ஊறிக் குழையும். 20 முதல் 25 நிமிடம், திறந்து பார்க்காமல். வெப்பம் எல்லாப் பக்கமும் சூழ்வதால் ஓரமும் நடுவும் ஒன்றுபோல் வேகும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு உலர்திராட்சையும் கொண்டைக்கடலையும் சேர்த்த வகை வலென்சியாவிலேயே இருக்கிறது. கறிச்சாற்றுக்குப் பதில் கடலை வேகவைத்த நீரும் காய்கறிச் சாறும் போதும்.

யாருக்கு எது

முட்டை சாப்பிடுபவர் தோர்த்தியாவில் தொடங்குங்கள். விலை குறைவு, ஒரு மணி நேர வேலை, மறுநாள் ஆறியும் ரொட்டிக்கு இடையில் வைத்துச் சாப்பிடலாம். முட்டை ஆகாதவர் ஓவன் இருந்தால் உலர்திராட்சைச் சோற்றிலும், இல்லாவிட்டால் முட்டையும் ஹமோனும் தூவாத சல்மோரேஹோவிலும் தொடங்கலாம். விருந்துக்கு நாள் குறித்துவிட்டு அன்றுதான் முதல்முறையாகப் பயேயா செய்வது என்ற திட்டம் இருந்தால் கைவிடுங்கள். விருந்தாளிகளுக்குத் தோர்த்தியாவும் சல்மோரேஹோவும் சேர்த்தே வைக்கலாம், இரண்டையும் முன்கூட்டியே செய்து வைத்துவிட முடியும்.

தோர்த்தியாவைத் தொடர்ந்து மூன்று முறை உடையாமல் திருப்பிய பிறகு பயேயாத் தட்டு வாங்குங்கள். முதல் தட்டு 30 செ.மீ., எனாமல் பூசியதாக இருக்கட்டும். பளபளக்கும் வெறும் எஃகுத் தட்டில் வெப்பம் விரைவாகப் பரவும், ஆனால் கழுவிய உடனே துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துருப் பிடிக்கும். வாங்கும் முன் உங்கள் அடுப்பின் பெரிய பர்னரை அளந்து பாருங்கள். சுடர் வளையம் 10 செ.மீ. மட்டுமே இருந்தால் 30 செ.மீ. தட்டையும் நகர்த்தி நகர்த்தித்தான் சமைக்கவேண்டும், அதைவிடப் பெரிய தட்டை அந்த அடுப்புக்கு வாங்காதீர்கள்.